கல்லை எடுக்குமுன் இடத்தை எழுதுவது ஏன்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. உடும்பு பேசும், ஓணான் பேசும், என்றோ செத்துக் கல்லாகிப் போன கடல் பிராணியும் பேசும். இன்றைக்கு மனிதர்கள் பேசுகிற அளவுக்கு இல்லாவிட்டாலும், கேட்டதற்குப் பதில் சொல்லும்.

காரை என்ற ஊருக்குப் பக்கத்தில் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும் ஒரு பொட்டல் உண்டு. கல் பேசிய காலத்துக்கும் முந்தி அங்கே கடல் கிடந்தது. ஒரு நாள் அது கிழக்கே விலகிப் போயிற்று. போகும்போது தன் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. சுருண்ட ஓட்டுக்குள் அறை அறையாகக் கட்டி வாழ்ந்த அந்தப் பிள்ளைகள், களிமண்ணுக்குள் அடுக்கடுக்காகப் படுத்துக் கல்லாகிவிட்டன. ஊரார் அவற்றைச் சுருள்கல் என்றார்கள்.

விலகிப் போனாலும் பெற்ற மனம் விடுமா? வருஷத்துக்கு ஒருமுறை, கார்த்திகை அமாவாசை உச்சிப்பொழுதில், கடல் கிழக்கேயிருந்து காற்றை அனுப்பிப் பிள்ளைகளைக் கூப்பிடும். ஒவ்வொரு கல்லும் படுத்த இடத்திலிருந்தே "இங்க இருக்கேன்" என்று சொல்லும். எல்லா இடத்திலிருந்தும் குரல் வந்துவிட்டால் கடல் சும்மா இருந்துவிடும். அந்த ஒரு நாழிகை ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அழுகிற குழந்தையைக்கூட மார்போடு அணைத்து அமுக்கிக்கொள்வார்கள். ஒரு குரல் குறைந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் ஆசைப்படவில்லை.

அந்த ஊரில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். சுருள்கல் பார்ப்பதுதான் அவள் வேலை. பாவாடை கட்டிய வயதில் பொட்டலில் இறங்கியவள், தலை நரைக்கத் தொடங்கியும் ஏறவில்லை. எந்தக் கல் எந்த அடுக்கில் கிடக்கிறது, எது மூத்தது, எது இளையது என்று அவளுக்கு அத்துப்படி. "இந்த இடத்துக்குக் கீழே என்ன இருக்கு?" என்று குனிந்து கேட்பாள். கல் சொல்லும். அதை வைத்துக்கொண்டு அவள் கிணற்றுக்கு இடம் காட்டுவாள். அவள் புருஷன் சாத்தையன் அங்கே கிணறு வெட்டுவான். அவள் காட்டிய இடத்தில் தண்ணீர் வராமல் போனதே இல்லை.

"எம் பொண்டாட்டி கல்லோட பேசுன நேரம் போக மிச்சம் இருந்தா எங்கூடவும் பேசுவா" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அவளுக்கு ஒரே ஒரு ஏக்கம். அவள் பார்த்த சுருள்கல் எல்லாம் வாய் உடைந்தவை. அந்தப் பிராணி கடைசியாகக் குடியிருந்த வெளி அறை சிதையாமல், வாய் முழுசாக இருக்கிற ஒரு கல்லை அவள் கண்டதே இல்லை. சாவதற்குள் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கிய அன்று, ஓடைக் கரை இடிந்த இடத்தில் அதைக் கண்டாள். முறத்தளவு பெரிய கல். வாயில் ஒரு கீறல் இல்லை. மேற்கே வானம் கறுத்து, ஓடையில் செந்நீர் கணுக்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வந்தால் கல் தூள் தூளாகிவிடும்.

அவள் குனிந்து கையை அடியில் கொடுத்தாள். மேலே பாறை இடுக்கில் ஒரு உடும்பு தலையை நீட்டியது.

"ஏ காத்தாயி, அது கெடந்த எடத்தைப் பாத்து வச்சுக்கிட்டியா? எது மேல் பக்கம், எது கீழ் பக்கம்?"

"முப்பது வருஷமா நடக்கிற ஓடை. எனக்குத் தெரியாத எடமா? வெள்ளம் வடிஞ்சதும் கொண்டாந்து வச்சிடுவேன்."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்றாங்க" என்று உடும்பு தலையை இழுத்துக்கொண்டது.

அவள் மழையில் நனைந்துகொண்டே கல்லை வாசல் வரை தூக்கி வந்துவிட்டாள். அதற்கு மேல் கை ஓய்ந்துவிட்டது. சாத்தையன்தான் அதை வாங்கித் தோளில் வைத்து உள்ளே கொண்டுவந்தான்.

மூன்று நாள் மழை. நாலாம் நாள் காலையில், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, மூலையிலிருந்து கல் கேட்டது.

"நான் எங்க கெடக்கேன்?"

"எங்க வீட்ல. பயப்படாத, கொண்டுபோய் விட்டுடறேன்" என்றாள் காத்தாயி. கல் சமாதானம் ஆகவில்லை. மறுபடி கேட்டது. அன்று முழுக்க அதையே கேட்டது.

அவள் ஓடைக்குப் போனாள். ஓடையே அங்கே இல்லை. கரைகள் சரிந்து, பழைய பள்ளம் மேடாகி, புதிதாக மூன்று பள்ளங்கள் பிறந்திருந்தன. எந்தப் பக்கம் நின்று குனிந்தோம் என்பதுகூட அவளுக்குப் பிடிபடவில்லை. முப்பது வருஷம் தலையில் சேர்த்து வைத்ததெல்லாம் மூன்று நாள் மழையில் போயிற்று.

அந்த வாரம்தான் சாத்தையனுக்கு அந்த நோய் வந்தது. முதலில் உதட்டில் உப்பு பூத்தது. அப்புறம் பாதம் சில்லிட்டது. அடுப்புச் சட்டியை வைத்து ஒற்றினாலும் சூடு ஏறவில்லை. பிறகு அவன் படுக்கும்போது உடம்பு வளையத் தொடங்கியது. முழங்கால் நெஞ்சைத் தொட்டது, தலை முழங்காலைத் தொட்டது. பகலில் நிமிர்த்தினால் மறுநாள் இன்னும் இறுக்கமாகச் சுருண்டான். முதுகில் வரி வரியாகப் புடைத்திருந்ததைக் கண்டு காத்தாயி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்த வரிகளை அவள் ஆயிரம் கல்லில் தடவிப் பார்த்திருக்கிறாள்.

அவள் உடும்பிடம் ஓடினாள்.

"எடம் காலியா கெடக்கு தாயி" என்றது உடும்பு. "அமாவாசைக்குக் கடல் கூப்பிடும். அந்த எடத்துலேருந்து யாராச்சும் பதில் சொல்லியாகணும். கல்லை வாசப்படி தாண்டித் தூக்கிட்டு வந்த ஆளை அது இழுக்குது."

"எடுத்தவ நான்தானே. என்னை இழுக்கச் சொல்லு."

"அத நான் எப்பிடிச் சொல்றது?"

அமாவாசைக்கு ஒரு நாள்தான் இருந்தது. காத்தாயி கல்லைத் துணியில் கட்டி முதுகில் தூக்கிக்கொண்டு பொட்டலில் இறங்கினாள். பள்ளம் பள்ளமாக வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு இடத்திலும் கல் "இங்க இல்ல" என்றது. மறுநாள் வெயிலும் ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் கல்லின் வாய்க்குள் ஒட்டியிருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். முதலில் உவர்த்தது, பிறகு துவர்த்தது. பல்லில் வைத்துக் கடித்தாள். மணல் நறநறக்கவில்லை, வெண்ணெயாக வழுக்கியது. அந்த ருசியை நாக்கில் வைத்துக்கொண்டே சரிவு சரிவாக மண்ணைத் தின்றுகொண்டு போனாள். ஒரு மேட்டின் இடுப்பில், விரற்கடை அகலத்தில் பச்சை பாய்ந்த ஓர் அடுக்கு இருந்தது. அதே உவர்ப்பு, அதே துவர்ப்பு.

"அடுக்கு இதுதான்" என்றது கல். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆனா எடம் இது இல்ல."

அந்தப் பச்சை அடுக்கு கூப்பிடு தூரத்துக்கு நீண்டு கிடந்தது. பொழுதோ உச்சிக்கு வந்துவிட்டது. கல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் குட்டிச் சிப்பிகள் ஒட்டியிருப்பதை அவள் கவனித்தாள். கடலடியில் வெளிச்சம் பார்த்துக் கிடந்த பக்கத்தில்தானே சிப்பி ஒட்டும்? அந்தப் பக்கத்தை மேலே வைத்து, மனம் சொன்ன ஓர் இடத்தில் கல்லைப் பதித்தாள்.

காற்று வந்தது. ஈர வாடையோடு பொட்டலைத் தடவிக்கொண்டு வந்து கூப்பிட்டது. கீழ் அடுக்கிலிருந்து ஒவ்வொரு குரலாக எழுந்தது. இங்க இருக்கேன், இங்க இருக்கேன். காத்தாயி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குந்தியிருந்தாள். இந்தக் கல்லின் முறை வந்தது.

கல் தயங்கியது.

"இங்க... இங்கதான்னு நெனைக்கிறேன்."

காற்று நின்றுவிட்டது. ஒரு தும்பைச் செடிகூட அசையவில்லை. கிழக்கே வெகுதூரத்தில் ஏதோ ஒன்று எழுந்து உட்காருவது போல ஒரு சத்தம் கேட்டது. அவள் குலதெய்வத்தை நினைக்கப் பார்த்தாள். பெயரே வரவில்லை. பிறகு, மனமில்லாமல், காற்று அடுத்த கல்லுக்கு நகர்ந்தது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். சாத்தையன் நிமிர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அவன் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஏ காத்தாயி" என்றான் அவன், கூரையைப் பார்த்துக்கொண்டே. "நான் எங்க இருக்கேன்?"

"நம்ம வீட்லதாங்க."

அவன் சுவரைத் தடவிப் பார்த்தான்.

"அப்பிடித்தான்னு நெனைக்கிறேன்."

அதற்குப் பிறகு அவன் இருபது வருஷம் இருந்தான். உண்டான், உறங்கினான், கிணறுகூட வெட்டினான். ஆனால் தினம் காலையில் அதே கேள்வியைக் கேட்டான். அவளும் தினம் அதே பதிலைச் சொன்னாள். ஒரு நாளாவது அவன் அதை முழுசாக நம்பவில்லை.

மறு வருஷம் கடல் கூப்பிடவில்லை. நிச்சயமில்லாத ஒரு பதில் வந்துவிட்ட பிறகு கேட்டு என்ன ஆகப்போகிறது? கூப்பிட ஆளில்லாத சுருள்கற்களும் வாயை மூடிக்கொண்டன. இனி என்றைக்காவது கடல் கேட்காமலே வந்து நிற்குமோ என்று ஊரார் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. காத்தாயி பனையோலையும் எழுத்தாணியும் எடுத்துக்கொண்டு பொட்டலில் இறங்கினாள். எந்த ஓடை, எந்த அடுக்கு, எந்தப் பக்கம் மேலே என்று எழுதி முடிக்காமல் அவள் ஒரு கல்லையும் தொடவில்லை.

சுருள்கல் தேடிப் போகிறவர்கள் மழை தலைக்கு மேல் நின்றாலும் முதலில் இடத்தை எழுதி, மேல்பக்கத்துக்கு அம்புக்குறி போட்டு, அப்புறமே கை வைப்பது அன்று தொடங்கிய வழக்கம்தான். இடம் எழுதாமல் வந்த கல் எவ்வளவு அழகாக இருந்தாலும், அவர்களில் ஒருவரும் அதைத் தன் வீட்டு ஆளின் தோளில் ஏற்றி வீட்டுக்குள் விடுவதில்லை.