ஏரியை அடைத்தவன்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். ராஜாக்கள் யானைமேல் ஊர்வலம் போன காலத்தில், மருதங்குளம் என்ற ஊரில் கொற்றன் என்றொரு பலசாலி இருந்தான். அவனுடைய உயிர்ச் சிநேகிதன் எயினன்.

ஓர் ஐப்பசி மழையில் ஊர் ஏரி உடைப்பெடுத்தது. எல்லாரும் கரையில் நின்று கூச்சல் போட்டார்கள். கொற்றன் மட்டும் வெள்ளத்தில் குதித்தான். எயினன் மரக்கிளையும் வைக்கோலும் மண்ணும் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, மார்பளவு தண்ணீரில் நின்று உடைப்பை அடைத்தான். வயல் பிழைத்தது, வீடு பிழைத்தது, ஊர் பிழைத்தது.

சேதி கேட்ட ராஜா பத்துக் குடம் சாராயம் அனுப்பினார். மறுநாள் நண்பகலில் ஏரிக்கரைப் புன்னை மரத்தடியில் ஊர் ஆண்கள் கூடினார்கள். கொற்றனின் மனைவி பூதி வீட்டில் விருந்து சமைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கொற்றன் ஒரு வாய் சோறு உண்டிருக்கவில்லை.

எயினன்தான் ஊற்றினான். முதல் கலயத்தைக் கொற்றன் சிரித்துக்கொண்டே குடித்தான். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். மூன்றாவதைக் கையால் தள்ளினான்.

"போதும்டா எயினா. தலை சுத்துது."

"ஏரியையே அடைச்சவன், இந்தக் கலயத்துக்கா பயப்படுற?"

கூட்டம் கைதட்டியது. கொற்றன் குடித்தான். அதற்குப் பிறகு வந்த கலயங்களை யாரும் எண்ணவில்லை. கடைசியில் அவன் மல்லாந்து விழுந்தான். எல்லாரும் சிரித்தார்கள். மரத்துக்குப் பின்னால் இழுத்துப் போட்டுவிட்டுக் கூத்தாடப் போனார்கள்.

எயினனுக்கு ஆட்டத்தில் மனம் நிற்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தான். கொற்றன் பலமாகக் குறட்டை விட்டான். திரும்பி வந்தான்.

உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை. மறுபடி போனான். குறட்டை விட்டு விட்டு வந்தது. எழுப்பினான், எழவில்லை. கை சில்லென்றிருந்தது.

"அண்ணே, கொற்றன் உடம்பு சில்லிட்டுக் கிடக்கு. பூதியைக் கூப்பிடலாமா?" என்று ஊர்த்தலைவர் மாசாத்தரிடம் கேட்டான்.

"நல்லா கேட்டே போ! தூங்கி எழுந்தா தெளிஞ்சிடுவான். அவளைக் கூப்பிட்டு நம்ம மானத்தை வாங்காதே."

எயினன் இரண்டடி வைத்தான், நின்றான். பூதி திட்டுவாளே என்று கூசினான். திரும்பி வந்து உட்கார்ந்தான். 

மூன்றாம் முறை போனபோது குறட்டை இல்லை. வாந்தி தொண்டையை அடைத்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. எயினன் அவனைப் புரட்டினான், முதுகில் அடித்தான், பேர் சொல்லிக் கத்தினான். கொற்றன் போய்விட்டான்.

பூதி மாவு படிந்த கையோடு ஓடி வந்தாள். மாசாத்தர் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "விதி, தாயே," என்றார்.

"விதி இல்லை," என்றான் எயினன். "போதும்னு சொன்னவனுக்கு நான்தான் ஊற்றினேன். ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன். ரெண்டாம் தடவையே பயந்துட்டேன்."

பூதி அழவில்லை. அவனையே பார்த்தாள்.

"கூப்பிடு தூரத்துலதானே இருந்தேன், தம்பி? ஒரு குரல் கொடுத்திருந்தா வந்து மடியில சாய்ச்சு வெச்சிருப்பேனே. அவர் எழுந்ததுக்கப்புறம் உன்னைத் திட்டியிருப்பேன். அவ்வளவுதானே!"

  மீதிக் குடங்களை எயினனே உடைத்தான். அதனால் கொற்றன் எழுந்து வரவில்லை.

ஆகவே கேட்டவர்களே, போதும் என்பவனுக்கு மேலும் ஊற்றுகிறவனும், குடித்து விழுந்தவனைத் தூங்குகிறான் என்று தனியே விட்டுப் போகிறவனும் அந்தச் சாவுக்குப் பங்காளிகள்.