படிக்கட்டில் ஓர் ஆணி

“போகட்டுமா, இருக்கட்டுமா?” என்று ஒன்பதாவது நாளாகக் கேட்டார் சென்னியப்பன்.

மெய்யம்மை கையிலிருந்த அச்சுத்தாளில் ஒரு காற்புள்ளியை அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“எங்க?”

“அதாம்மா, ஒடிசா. ரூர்கேலா. அங்க இரும்பு ஊத்தற ஒரு பவுண்டரியில மேனேஜர் வேலை. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இந்த வயசுக்கு மேல இன்னொருத்தன் கூப்பிட மாட்டான். ஆனா பாஷை தெரியாது. சோறு வேற, மழை வேற. வேண்டாம்னு சொல்லிட்டா, போயிருக்கலாமேன்னு சாகற வரைக்கும் அரிச்சுட்டே இருக்கும்.”

எட்டு நாளும் சொன்னதுதான். எட்டு நாளும் மெய்யம்மை “ம்” என்றிருந்தார்.

சென்னியப்பனுக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய குரு மெய்யம்மைக்கு முப்பத்துமூன்று. மெய்யம்மை கோயம்புத்தூரில் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்திப் பிழைப்பவர். இந்த இடத்தில் ஒற்று மிகுமா, மிகாதா என்று கேட்கப் போன நாலைந்து பேர் நாளடைவில் வாழ்க்கையைப் பற்றியும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் குருவானது அப்படித்தான். சென்னியப்பன் போனது மகளின் கல்யாணப் பத்திரிகையோடு. அதில் ஒரே ஒரு ‘ப்’ குறைகிறது என்று மெய்யம்மை சொன்ன விதத்தில், தன் வாழ்நாளில் குறைந்தவை எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டன. அன்றிலிருந்து சீடர்.

“எங்க இருந்து போறீங்க?”

“கோயமுத்தூர்ல இருந்துதான்.”

“கோயமுத்தூர்ல?”

“இருந்து.”

“இருந்து?”

சென்னியப்பன் குருவின் கையிலிருந்த அச்சுத்தாளில் விடையைத் தேடினார்.

மற்ற குருமார் பூவைக் காட்டுவார்கள், விரலை உயர்த்துவார்கள். மெய்யம்மை வேற்றுமை உருபைப் பிடித்துக்கொள்வார். ‘கிளையின் உதிர்ந்தது இலை’ என்று எழுதிய காலத்தில் ஓர் ‘இன்’ போதுமாக இருந்தது, இலை நீங்கியாயிற்று. பின்னால் வந்தவர்களுக்கு அது போதவில்லை. ‘கிளையில் இருந்து’ என்றார்கள். நீங்குவதென்றால் முதலில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையையே சேர்த்துவிட்டார்கள். இலக்கண ஆசிரியர்கள் இதைச் சொல்லுருபு என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். மெய்யம்மை போக மாட்டார்.

“ஒரு ஆணி கொண்டு வாங்க,” என்றார்.

“என்ன ஆணிங்கம்மா?”

“எதுவா இருந்தாலும் சரி. கடையில வாங்கக் கூடாது. உங்க வீட்டுச் சுவத்துல இருந்து பிடுங்கிட்டு வரணும்.”

சென்னியப்பன் குறடோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

காலண்டர் சன்னல் கம்பியில் தொங்கியது. கடிகாரம் பிரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருந்தது. மகளின் கல்யாணப் படம் ஆறு வருடமாகத் தரையில் நின்று சுவரில் சாய்ந்துகொண்டிருந்தது. நான்கு சுவர்களும் கட்டிமுடித்த அன்று இருந்தது போலவே இருந்தன.

“நம்ம வீட்டுல ஆணியே கிடையாதா?”

“ஆணி அடிக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர் சொன்னாருன்னு நீங்கதானுங்க சொன்னீங்க,” என்றார் அவர் மனைவி பூங்கோதை. “எதுக்குத் தேடறீங்க? மூட்டை கட்டணும்னா சொல்லுங்க. பரண்ல பாதி கட்டினபடியேதான் கிடக்குது.”

உண்மைதான். பதினோரு வருடமாகச் சணல் அவிழாத இரண்டு அட்டைப்பெட்டிகள் பரணில் இருந்தன.

சென்னியப்பன் கீழே போனார். வீட்டுக்காரர் கிட்டுசாமி முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“ஆணி அடிக்கக் கூடாதுன்னு நானா சொன்னேன்?” என்றார் கிட்டுசாமி. “ஆறே மாசந்தான், அப்புறம் வேற ஊருக்குப் போயிருவேன்னு நீங்க சொன்னீங்க. சரின்னேன். ஆணியப் பத்திப் பேச்சே வரலீங்களே.”

“அப்ப யாருங்க சொன்னது?”

“முந்தின வீட்டுக்காரரா இருக்கும். உங்களுக்கு வீட்டுக்காரன்னா எல்லாரும் ஒரே ஆளுதான?”

ஒரு கடலையை நீட்டினார். சென்னியப்பன் வாங்கிக்கொண்டு படியேறினார்.

படிக்கட்டு திரும்பும் இடத்தில் வழக்கம்போல் இடது தோளை ஒதுக்கினார். ஒதுக்கிய பிறகுதான், எதற்காக ஒதுக்குகிறோம் என்று பார்த்தார். தினமும் இரண்டு முறை ஒதுக்கியிருக்கிறார். பார்த்ததில்லை.

ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸில் உக்கடம், காந்திபுரம், சிங்காநல்லூர். பலகை ஒரு கயிற்றில் தொங்கியது. கயிறு ஒரு மூன்றங்குல ஆணியில்.

குறடை எடுத்தார்.

“அதைத் தொடாதீங்க,” என்று மேலேயிருந்து பூங்கோதையின் குரல் வந்தது. “அது என்னோடது.”

“எப்ப அடிச்ச?”

“மூணு வருசமாச்சு.”

“வீட்டுக்காரரக் கேட்டியா?”

“அவருதான் சுத்தியலே குடுத்தாரு.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. மெய்யம்மை வாசலிலேயே கேட்டார்.

“ஆணி?”

“எங்க வீட்டுல ஒண்ணே ஒண்ணுதாம்மா இருக்குது. பிடுங்க முடியல.”

“அவ்வளவு இறுக்கமா?”

“என்னோடது இல்லம்மா. வீட்டுல அவங்க அடிச்சது.”

மெய்யம்மை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“போகட்டுமா இருக்கட்டுமான்னு என்கிட்ட எத்தன நாளா கேக்கறீங்க?”

“இன்னியோட பத்து நாளுங்க.”

“வீட்டுல அவங்ககிட்ட?”

சென்னியப்பன் எண்ணுவதற்கு விரல்களை நீட்டினார். ஒன்றைக்கூட மடக்க முடியவில்லை.

மெய்யம்மை கதவைச் சாத்தினார். ஒருவர் முகத்துக்கு நேராக அத்தனை மரியாதையாகக் கதவு சாத்தப்பட்டது அந்தத் தெருவில் அதுவே முதல் தடவை. சென்னியப்பன் மூடிய கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவர் வந்ததே இல்லை.

படிக்கட்டில் இரண்டு பெண்கள் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சஸ்மிதா. சென்னியப்பனின் பட்டறையில் இரும்பு ஊற்றுகிற ஆளின் மனைவி. பலகைக்குப் பக்கத்தில் பூங்கோதை நின்றிருந்தார்.

“நான் ஒடிசால இருந்து வந்தேன்,” என்று படித்தாள் சஸ்மிதா. “இப்ப கோயமுத்தூர் கணபதியில இருக்கேன். பஸ்ஸு பேரு நானே படிப்பேன்.”

“அக்கான்னு கூப்பிடறதுக்கே ஆறு மாசம் வெக்கப்பட்டவ,” என்றார் பூங்கோதை. “இப்பப் பாருங்க, கண்டக்டரோட சண்டை போடறா.”

தன் மனைவியின் முகத்தைச் சென்னியப்பன் ஏதோ புது ஊரைப் பார்ப்பது போலப் பார்த்தார். கண்டக்டரோடு சண்டை போடுமளவுக்கு ஒருவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதென்பது லேசுப்பட்ட காரியமில்லை. பேருந்தில் மீதிச் சில்லறை கேட்கவே அவருக்கு நாக்கு எழாது.

“பூங்கோதை,” என்றார். “நாம ரூர்கேலா போலாமா, வேண்டாமா? நீ சொல்லு.”

பூங்கோதையின் கையில் சாக்பீஸ் நின்றது. இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடத்தில் ‘நீ சொல்லு’ என்று அவர் கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு முந்தைய வீடுகளிலும் இல்லை.

“இருங்க,” என்றார் பூங்கோதை.

சஸ்மிதா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“அக்கா, ‘இருங்க’ன்னா கொஞ்ச நேரம் நில்லுங்கன்னு அர்த்தமா? இல்ல, போகாதீங்கன்னா?”

பூங்கோதை யோசித்தார்.

சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, சஸ்மிதாவுக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்துகொண்டார்.