முயல் செய்த மண்புலி

ஆம்பல் குளத்தங்கரையில் மிருகங்கள் எல்லாம் களிமண் பிசைந்துகொண்டிருந்தன. மழைக்காலம் வருமுன் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்ததைப் பொம்மையாகச் செய்து, சூளையில் சுட்டு, வாசலில் வைக்க வேண்டும். அது அந்தக் காட்டு வழக்கம்.

மண்வேலையில் கெட்டிக்காரியான குளவி மேற்பார்வை பார்த்தது. கரடி தேன்கூடு செய்தது. எருமை ஒரு மண்கட்டியைத் தட்டையாகத் தட்டி வைத்தது.

"இது என்ன?" என்றது குளவி.

"சேறு!"

"சேற்றாலேயே சேறா?"

"எனக்குப் பிடித்தது அதுதானே அக்கா!"

முயல் மட்டும் மண்ணைத் தொடவில்லை. அதற்கு மூன்று குட்டிகள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இலை அசைந்தாலே தாய்க்கு நெஞ்சு படபடக்கும். 'எனக்குப் பிடித்ததை வாசலில் வைத்தால், உள்ளே முயல் இருக்கிறது என்று நரிக்குத் தெரிந்துவிடுமே!' என்று பயந்தது. யோசித்து யோசித்து, நரி பயந்து ஓடட்டும் என்று ஒரு புலியைச் செய்ய ஆரம்பித்தது.

"உனக்குப் புலியைப் பிடிக்குமா?" என்று குளவி கேட்டது.

"ரொம்பப் பிடிக்கும்!" என்றது முயல். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

குரங்குக்கு வாய் சும்மா இருக்குமா? ஓடிப்போய்ப் புலியிடம் சொல்லிவிட்டது. புலி உடனே வந்து நின்றது.

"தங்கச்சி! என்மேல் இவ்வளவு பாசமா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஆமாம், என் மருமக்கள் எத்தனை பேர்?"

"மூ... மூணு, அண்ணா."

"கொழுகொழுவென்று இருக்கிறார்களா? நல்லது! பொம்மையைச் சுட்டு முடி. அவர்களைப் பார்த்துவிட்டு, இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்."

முயலுக்குக் காது இரண்டும் தொங்கிப்போயின.

குளவி பொம்மையைத் தட்டிப் பார்த்தது. "வயிற்றைக் குடைந்து எடு. பத்து நாள் நிழலில் காயவை. உள்ளே ஈரம் நின்றால் சூளையில் வெடித்துவிடும்."

புலி உறுமியது. "என் வயிறு காலியா? நான் என்ன பட்டினி கிடக்கிறவனா? இன்னும் மண் போடு! பத்து நாள் எல்லாம் முடியாது. இப்போதே சுடு!"

முயல் குளவியைப் பார்த்தது. குட்டிகள் இருந்த புதரைப் பார்த்தது. பிறகு ஈரமண்ணை அள்ளி அள்ளி மண்புலியின் வயிற்றில் திணித்தது.

"மற்றவர்களின் பொம்மைகளை எல்லாம் சூளைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்!" என்று குளவி கத்தியது.

முயல் பொம்மையைச் சூளைக்குள் வைத்தது. "அண்ணா, கிட்ட வந்து உட்காருங்கள்," என்றது. "உங்கள் முகம் சிவக்கிற அழகை நீங்களே பார்க்க வேண்டாமா?"

புலி சூளை வாயில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

டமார்!

சுடச்சுட மண்துண்டுகள் மூக்கிலும் மீசையிலும் வந்து விழுந்தன. "ஐயோ! என் வயிறே என்னைச் சுட்டுவிட்டதே!" என்று அலறிக்கொண்டு புலி மலை தாண்டி ஓடியது.

"சாப்பிடாமல் போகிறீர்களே அண்ணா!" என்று குரங்கு கூவியது.

குளவி முயலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "இப்போதாவது நிஜத்தைச் சொல். உனக்கு என்னதான் பிடிக்கும்?"

முயல் வெட்கத்தோடு தலையைக் குனிந்தது. "தூக்கம் அக்கா. இவர்கள் பிறந்ததிலிருந்து கண்ணை மூடவே இல்லை. நான் தூங்கினால் யார் பார்த்துக்கொள்வார்கள்?"

இந்த முறை அது கண்மூடிப் படுத்திருக்கும் முயலைச் செய்தது. வயிற்றைக் குடைந்தது, பத்து நாள் காயவைத்தது, பக்குவமாகச் சுட்டு வாசலில் வைத்தது.

அவ்வழியே வந்த எருமை அதைப் பார்த்துவிட்டுக் குளம்பை மெல்ல எடுத்து வைத்தது. குரங்குகூட வாயைப் பொத்திக்கொண்டது. கரடி தேனடையோடு புதரோரம் உட்கார்ந்தது. "நான் இருக்கிறேன். நீ தூங்கு தாயி."

சற்று நேரத்தில் நரி எட்டிப் பார்த்தது. கரடியைக் கண்டதும் வந்த வழியே திரும்பியது. முயலுக்கு இது எதுவுமே தெரியாது. குட்டிகளை அணைத்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

பயந்துபோய் வலியவனைப் பிடிக்கும் என்று பொய் சொன்னால் அவனே வீடு தேடி வந்துவிடுவான். நமக்கு வேண்டியதை உள்ளபடி சொன்னால் அக்கம்பக்கத்தார் காவலுக்கு வருவார்கள்.