உலையில் ஓர் அரிசி

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் இன்றைக்கும் கோபம் வருகிற ஒரு நாட்டில், அரசன் ஒருவன் தன் தாயார் பெயரில் குளம் வெட்டினான். ஊருக்கே குடிதண்ணீர் அந்தக் குளத்திலிருந்துதான். அடைமழையில் ஊர்க் கழிவெல்லாம் அதில் கலக்க, வயிற்றுப்போக்கு தெருத்தெருவாகப் பரவியது. "கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே குடியுங்கள்" என்றார் வைத்தியர்.

அந்த வைத்தியரை அரசவைக்கு அழைத்து வந்தவன், அரசனைச் சிரிக்க வைக்கும் விகடன் கூத்தப்பன். விகடன் பேச்சுக்கு அரசன் காது கொடுத்தாலே பிரதானி அகோரத்துக்கு நெஞ்செரிச்சல்.

"மகாராஜா, அது தங்கள் தாயாரின் தீர்த்தம். அதை அடுப்பில் ஏற்றுவது அன்னையைச் சிதையில் ஏற்றுவதற்குச் சமம்" என்று பிரதானி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரசனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உடனே ஆணை பிறந்தது: தாயார் குளத்து நீரை எவரும் அடுப்பில் ஏற்றக் கூடாது.

காவலர்கள் வீடு புகுந்து வெந்நீர்ப் பானைகளை உதைத்து உடைத்தார்கள். கூத்தப்பன் வீட்டுப் பானையும் உடைந்தது. அவன் மகள் வடிவு, உதடு வெடித்து, பாயில் துவண்டு கிடந்தாள். அடுத்த வீட்டுச் சடைச்சியோ தன் மகனையே பறிகொடுத்துவிட்டாள்.

"ராசாவச் சிரிக்க வச்சு நீ என்னய்யா கிழிச்ச?" என்று அவள் தெருவில் நின்று கத்தினாள். "காலையிலதான் எம்புள்ளைய மண்ணுல வச்சிட்டு வந்தேன். போ, போயி அதச் சொல்லிச் சிரிக்க வையி!"

கூத்தப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனான். "அரசர் ஆணை" என்று சொல்லி, கொதித்துக்கொண்டிருந்த உலையைத் தானே கவிழ்த்தான். ஆணை என்றதும் சமையல்காரர் அடுப்பையே அணைத்துவிட்டார்.

மதியம் தங்கத் தட்டில் ஊறவைத்த பச்சரிசி வந்தது. கூடவே வேகாத துவரம்பருப்பு, பச்சைக் கத்தரிக்காய்.

"என்ன இது?" என்று உறுமினான் அரசன்.

"தங்கள் ஆணை, மகாராஜா. உலைநீரும் தாயார் குளத்து நீர்தானே?" என்றான் கூத்தப்பன்.

பிரதானி பதறி எழுந்தார். அவருக்கும் பசி. "விதண்டாவாதம் பேசாதே! வெறும் நீரைக் கொதிக்க வைப்பதுதான் குற்றம். அரிசி விழுந்துவிட்டால் அது நீர் அல்ல, அன்னம்!"

"மகாராஜாவின் தீர்ப்பும் அதுதானோ?"

"அதேதான்! முதலில் சோறு வரட்டும்!"

"நல்லது. இனி வீட்டுக்கு வீடு பானைத் தண்ணீரில் ஒரே ஓர் அரிசியைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அன்னத்தை உதைக்கக் காவலருக்கு அதிகாரம் இல்லை."

அரசன் திகைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். அவையே சிரித்தது. முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

கூத்தப்பன் வாங்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "முத்து எரியாது, மகாராஜா. ஊரில் விறகெல்லாம் நனைந்து கிடக்கிறது. பிரதானியாரின் விறகுக் கொட்டகையைத் திறந்துவிடுங்கள். இன்று காலை ஒரு தாய் தன் பிள்ளைக்கு வாய்க்கரிசி போட்டாள். அந்த அரிசியை நேற்றே பானையில் போட விட்டிருக்கலாம்."

சிரிப்பு நின்றது. அரசன் தலைகுனிந்து, கொட்டகையின் சாவியை வாங்கித் தந்தான்.

அன்று மாலை தெருவெங்கும் அடுப்பு எரிந்தது. வடிவுக்கு வைத்த பானையில் அரிசியைப் போட்டவள் சடைச்சிதான். கூத்தப்பன் பானையை இறக்கப் போனபோது அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"இருய்யா. நல்லாக் கொதிக்கட்டும்."