பெருமை பேசிய குடற்புழு

சப்புச் சப்பென்று குட்டிகள் பால் குடிக்கும் சத்தம். போன மழைக்காலத்தில் அந்தச் சத்தம் நாளுக்கு நாள் தேய்ந்து, ஒரு காலையில் நின்றே போனது. செம்பி என்ற நாயின் காதில் அது இன்னும் இருந்தது. அந்த ஈற்றில் ஒரு குட்டிகூடத் தங்கவில்லை.

இப்போது ஆவாரங்காட்டுக் குட்டையோரம், ஒரு புதரடியில், அவள் மறுபடியும் மூன்று குட்டிகளை ஈன்றிருந்தாள். வயிறுகள் உருண்டு பளபளத்தன.

அந்த வழியே வந்த நரி வாயைப் பிளந்தது.

"அடேயப்பா! வயிறா இது? சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறதே! உன் பாலுக்கு என்ன சத்து, தங்கச்சி!"

"என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது, அண்ணே!" என்று செம்பி பூரித்தாள்.

போன மழையில் செத்த குட்டிகளை இழுத்துப் போனது இந்த நரிதான். அது அவளுக்குத் தெரியாது. இந்தக் குட்டிகளுக்கு வயிறு மட்டும்தான் உருண்டிருந்தது, விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன என்பதையும் அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் கடைக்குட்டி இருமியது. பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு வாந்தி எடுத்தது. வாந்தியில் வெள்ளையாக, நீளமாக ஒரு புழு நெளிந்தது.

செம்பி பதறிப் பின்வாங்கினாள். புழு தலையைத் தூக்கியது.

"என் ஒருவனுக்கே பயந்துவிட்டாயா? உள்ளே எங்கள் ஊரே இருக்கிறது!"

"எப்படி வந்தாய்? குட்டிகளை நான் தனியே விட்டதே இல்லையே!"

"நீதான் கொண்டுவந்தாய்! உன் தசைக்குள் தூங்கிக்கொண்டிருந்தோம். நீ சூல் கொண்டதும் விழித்தோம். குட்டிகளின் கண் திறக்கும் முன்பே, கருவிலேயே குடியேறினோம். மிச்சப் பேர் உன் பாலில் வந்தார்கள்!"

செம்பி தன் உடம்பையே ஆழம் தெரியாத கிணற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இத்தனை நாள் தன்னோடு நடந்து, தன்னோடு தூங்கி, தனக்குத் தெரியாமல் ஒரு கூட்டம்!

"இன்னும் கேள்!" என்றது புழு. "எங்கள் தாய் இடும் முட்டைகளின் எண்ணிக்கைக்கு வானத்து மீன்களும் ஈடாகா. மழையிலும் சாகாமல் அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். குட்டிகளின் கழிவை நீ நக்கிச் சுத்தம் செய்கிறாயே, அது எங்களுக்குப் பல்லக்குச் சவாரி! உன் வயிற்றுக்கே திரும்பிவிடுவோம்!"

"அப்பப்பா! உங்களுக்குச் சாவே கிடையாதா?"

அவள் வியப்பு புழுவுக்கு இனித்தது.

"இருக்கிறது. காட்டோரக் கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவின் மருந்து குடலில் இருப்பவர்களைக் கொல்லும். தூங்குகிறவர்களைத் தொடாது. அவர்கள் மெல்ல எழுந்து வருவார்கள். குட்டி துள்ள ஆரம்பித்த பிறகு எந்தத் தாய் மறுபடி மருந்துக்குப் போகிறாள்? அந்த மறதிதான் எங்கள் கோட்டை!"

வெயில் ஏறியது. புழு சுருண்டு காய்ந்தது.

செம்பி கடைக்குட்டியை வாயில் கவ்வினாள். நரி குறுக்கே வந்தது. "மனிதரிடமா போகிறாய்? கோணியில் கட்டி ஆற்றில் வீசுவார்கள்!"

செம்பிக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் நடந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் மருந்தக வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

"அடியே! மூணையும் நீயேவா தூக்கிட்டு வந்தே?" என்றாள் டாக்டரம்மா. குட்டிகளை எடை பார்த்து மருந்தை ஊற்றினாள். "நீயும் வாயைத் தொற. உனக்குக் குடுக்காம இதுகளுக்கு மட்டும் குடுத்தா, ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிச்ச கதைதான். இன்னைக்கு அமாவாசை. பௌர்ணமிக்கு வா, அதுக்கடுத்த அமாவாசைக்கும் வா. அதுங்க வெளிக்குப் போற இடத்துல படுக்க வைக்காதே!"

புழுக்கள் கொத்துக் கொத்தாக வெளியேறின. வயிறுகள் வற்றின, விலாக்கள் மூடின. கடைக்குட்டி நரியின் வாலையே எட்டிக் கடித்தது.

"அதான் குணமாகிவிட்டதே! இனி எதற்கு அலைச்சல்?" என்றது நரி.

செம்பி குட்டிகளைப் பார்த்தாள். கண்கள் பளிச்சென்றிருந்தன. போகத்தான் வேண்டுமா? ஒரு கணம் நின்றாள். அந்தச் சின்ன உடம்புகளுக்குள் இன்னும் யாரோ விழித்துக்கொண்டிருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

பௌர்ணமியன்று போனாள். மருந்து உள்ளே இறங்கிய மறுநாள், நலமாகத் துள்ளிய அதே குட்டிகளிடமிருந்து நூல் நூலாகப் புதிய புழுக்கள் விழுந்தன. செம்பி குனிந்து பார்த்தாள். புழு பொய் சொல்லவில்லை!

அடுத்த அமாவாசைக்கும் போனாள். அழுக்கடைந்த புதரடியை விட்டு, வெயில் விழும் பாறைக்குக் குட்டிகளை மாற்றினாள். தூரப் போய் வெளிக்கிருக்கப் பழக்கினாள். நரி வெறும் வயிற்றோடு வேறு காட்டுக்கு நடந்தது.

வென்றுவிட்டோம் என்று நாம் ஓய்கிற நாளில்தான் பகை மறுபடி முட்டையிடுகிறது.

செம்பியின் கடைக்குட்டி இப்போது குட்டைக்கு அக்கரையில் ஆட்டுக்கிடைக்குக் காவல் இருக்கிறது.