மூன்றாவது நாசில்

கோத்தகிரியில் பிலோமினாவின் லாரிப் பட்டறை ஏழரை மணிக்குத்தான் திறக்கும். ரங்கதுரை அன்றைக்கு ஆறு மணிக்கே வந்துவிட்டார். வேலைமேல் அப்படியொரு அக்கறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயம்.

ரங்கதுரைக்கு வயது ஐம்பத்திரண்டு. பிலோமினாவுக்கு முப்பத்தாறு. ஆனாலும் பிலோமினாதான் குரு, ரங்கதுரை சீடர். கண் மங்கி ஸ்டீயரிங்கை விட்டவர், இரண்டு வருடமாக இங்கே மெக்கானிக் வேலை பழகுகிறார். இதுவும் போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

முந்தாநாள் காய்கறி லோடு அடிக்கும் போஜனின் லாரியில் ஆறு நாசிலையும் அவரே கழற்றி மாட்டினார். தனியாகச் செய்த முதல் வேலை அது. டீசலைத் தெளிக்கும் நாசில் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு புதுச் செம்பு வாஷர் போட வேண்டும்; பழையதென்றால் அழுத்தம் கசியும். மூன்றாவதற்குரிய வாஷர் கை நழுவிச் சாக்கடையில் விழுந்துவிட்டது. இன்னொன்று கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று பழைய வாஷரையே போட்டு முறுக்கிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று மாலை முட்டைக்கோஸ் ஏற்றிய லாரியைப் பட்டறையில் விட்டுவிட்டு, "காலைல ஸ்டார்ட் பண்ணா உதறுதுங்க, பாத்து வைங்க" என்று சொல்லிப் போயிருந்தார் போஜன்.

ரங்கதுரை சாவியைத் திருப்பினார். உதறியது. கால் மணி நேரம் விடாமல் ரேஸ் செய்தார். சூடேற ஏற உதறல் அடங்கியது. அப்பாடா என்று அணைத்தார்.

பிலோமினா வந்ததும் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சுடுதே. யாருங்கண்ணா ஓட்டுனது?"

"நான்தானுங்க மேஸ்திரி. போஜன் வர்றப்ப ரெடியா இருக்கட்டும்னு."

"உதறல்?"

"காணோமுங்க. சரியாயிருச்சு."

பிலோமினா சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆறட்டும்."

எட்டு மணிக்கு வந்த போஜன் தாம்தூம் என்று குதித்தார். "மார்க்கெட் முடிஞ்சுருமுங்க மேஸ்திரி!"

"முடியட்டுங்கண்ணா. டீ குடிங்க."

ரங்கதுரைக்குப் பொறுக்கவில்லை. "சூடானா ஒழுங்காத்தானே ஓடுது. எதுக்குங்க ஆற வைக்கணும்?"

"சூட்டுல கோளாறு ஒளிஞ்சுக்கும்" என்ற பிலோமினா போஜனிடம் திரும்பினார். "மலை இறங்குறப்ப ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துருவீங்க. இன்ஜின் என்ன ஆகும்?"

"காத்துக்கு ஆறிப்போகும்."

"அப்பிடியே கொண்டை ஊசி வளைவுல நின்னுட்டா?"

"ஸ்டீயரிங் கல்லாட்டம் ஆயிரும். பின்னாடி எட்டு டன்னு தள்ளும்." போஜன் சிரித்தார். "பொறகு மேஸ்திரி எனக்கு மாலைதான் வாங்கிட்டு வரணும்."

ரங்கதுரை சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார். இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால்? போஜனின் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

பதினோரு மணிக்கு இன்ஜின் சில்லிட்டிருந்தது. பிலோமினா ஸ்டார்ட் செய்தார். கேபின் கதவெல்லாம் கடகடத்தது. வெள்ளைப் புகை கிளம்பியது.

"இதுல எந்த சிலிண்டர்னு எப்பிடிங்க மேஸ்திரி கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார் ரங்கதுரை. ஒன்றும் தெரியாதவர் போலத்தான் கேட்டார்.

பிலோமினா ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தார். "ஓடறப்பவே நாசிலுக்குப் போற பைப்பு நட்டை ஒவ்வொண்ணா தளத்துங்க. நல்ல சிலிண்டர்னா இன்ஜின் இன்னும் தடுமாறும். தளத்தியும் ஒண்ணுமே மாறலைன்னா, கோளாறு அதுலதான்."

ரங்கதுரை முதல் நட்டைத் தளர்த்தினார். இன்ஜின் தடுமாறியது. திரும்ப முறுக்கினார். இரண்டாவதும் தடுமாறியது. நான்காவது. ஐந்தாவது. ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் திணறித் திணறி மீண்டது. அந்தக் குளிரிலும் அவருக்கு முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

"எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

பிலோமினா இன்ஜினை அணைத்தார்.

"போஜண்ணா, கிளம்ப மத்தியானம் ஆயிரும். மூணாவது நாசிலைக் கழட்டணும்."

ரங்கதுரை ஸ்பேனரைத் துணியில் துடைத்தார்.

"நீங்க ஸ்பேனரைத் தொடவே இல்லையே மேஸ்திரி. மூணுன்னு எப்பிடித் தெரிஞ்சுது?"

"நீங்களும்தான் மூணைத் தொடலீங்கண்ணா."