வால்வைத் திறந்த ஆறுச்சாமி

ஆறுச்சாமிக்கு அலுத்துப் போயிற்று. பத்து நாளாகப் புது பிரஸ்ஸில் தகடு கிழிகிறது. தகட்டை அழுத்திப் பால் கறக்கும் மெஷினுக்கு ஒரு கூம்புக் குவளை செய்ய வேண்டும். அதுகூட முழுசாக வரவில்லை என்றால் முப்பது வருஷம் பிரஸ் ஓட்டி என்ன பிரயோசனம், சொல்லுங்கள்! இன்றைக்குள் ஒன்றாவது வராவிட்டால் புது பிரஸ்ஸையும் அவரையும் சேர்த்தே அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது இரண்டே தகடு.

புது பிரஸ்ஸை ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன கோகிலவாணியை மறுபடி வரவழைத்தார். மகள் வயசுதான். ஆனாலும் வாய்நிறைய "டீச்சரம்மா" என்பார்.

"ஓட்டுங்க, பாக்கறேன்" என்றாள்.

பழைய பிரஸ்ஸில் தகட்டுக்குக் கீழே வெறும் குழி. அதில் ஏதாவது தட்டினால் உடனே நிறுத்துவதுதான் பழக்கம். இதிலோ குழி நிறையத் தண்ணீர். பஞ்ச் என்கிற கூம்பு அச்சு மேலேயிருந்து இறங்கித் தகட்டைத் தண்ணீருக்குள் அழுத்தியது. அழுத்தம் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது. ஆறுச்சாமி சட்டென்று வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டார்.

படக்கென்று சத்தம். குவளையின் அடியில் கிழிசல்.

"ஏனுங்கண்ணா திறந்தீங்க?"

"தண்ணி எதுத்துத் தள்ளுதுங்க டீச்சரம்மா. உட்டா கிழிச்சுப்போடுமல்லங்க?"

"வால்வு பாக்க ஒருத்தர் இருந்தாரே?"

"நாச்சிமுத்துங்களா? திறக்காதீங்க, திறக்காதீங்கன்னு பத்து நாளா என்ற உசுர வாங்கிட்டான். எதுக்கெடுத்தாலும் எதுத்துப் பேச்சு. காத்தாலதான் இனி வராதேன்னு அனுப்பிப்போட்டனுங்க."

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்றவன்.

கோகிலவாணி கடைசித் தகட்டை வைத்தாள். வால்வை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"கையக் கட்டிக்கங்கண்ணா."

முள் ஏறியது. ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

குவளை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வந்தது. உள்ளே விரலை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அத்தன எதுத்துச்சே, எப்படீங்க கிழியல?"

"கீழ ஒண்ணுமில்லாமத் தகடு தொங்குனாத்தான் கிழியும். தண்ணி அதப் பஞ்ச்சோட சேத்துப் புடிச்சுக்குச்சுங்கண்ணா."

குவளையை மேஜைமேல் வைத்தார்.

"நாளைக்கு நூறு ஓட்டோணும். வால்வுகிட்ட ஆரை நிறுத்தறதுங்க?"

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டாள். மேஜைமேல் கிடந்த அவருடைய போனை எடுத்து நீட்டினாள்.

"நீங்களே கூப்பிடுங்க. நான் கூப்பிட்டா அவரு வரமாட்டாரு."